டவுன் சிண்ட்ரோம்: காரியோடைப் ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரி

பிறந்த குழந்தையின் கண்களின் சாய்வு, தட்டையான மூக்குத்தண்டு, உள்ளங்கையின் ஒற்றை ரேகை, தொட்டாலே துவளும் தசை இவற்றைப் பார்த்ததும் அனுபவமுள்ள குழந்தை மருத்துவர் டவுன் சிண்ட்ரோம் என்று ஊகித்துவிடுவார். ஊகித்த கையோடு ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவார். அதன் பெயர் காரியோடைப். செல்லில் இருக்கும் குரோமோசோம்களை, அதாவது மரபணுக்களைத் தாங்கும் இழைகளை, எண்ணிப் பார்ப்பதுதான் அது. "முகத்தைப் பார்த்தாலே தெரியுதே, இனி எதுக்கு இந்தச் செலவு?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். கேட்டுவிட்டு அதைச் செய்யாமலே இருந்துவிடுகிற குடும்பங்களும் உண்டு.

குழந்தையின் சிகிச்சையை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. இதயத்துக்கு எக்கோ, தைராய்டு, காது, கண் இவையெல்லாம் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் உடனே பார்க்க வேண்டியவை. ஆனால் காரியோடைப் குழந்தைக்காக மட்டும் எடுப்பதல்ல. அடுத்த பிள்ளைக்கு வருமா, தாயின் தங்கைக்குப் பிறக்கும் பிள்ளைக்கு வருமா, கல்யாணத்துக்கு நிற்கும் அத்தை சோதித்துப் பார்க்க வேண்டுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த ரிப்போர்ட்டின் ஒரே வரியில் இருக்கிறது. குழந்தையின் முகம் எல்லா வகையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வந்த வழி மூன்று.

21 என்ற எண்

நம் உடலின் செல்களில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. 23 இணைகள், ஒவ்வொரு இணையிலும் ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. முதல் 22 இணைகளுக்கு நீளத்தை வைத்து, பெரியதில் தொடங்கிச் சிறியதுவரை எண் கொடுத்திருக்கிறார்கள். 23ஆவது இணை பாலினத்துக்கானது. அந்தக் கணக்குப்படி 22தான் எல்லாவற்றிலும் சிறியதாக இருக்க வேண்டும். உண்மையில் 21தான் சிறியது. அளவுக் கருவிகள் துல்லியமாகி இது தெரியவந்தபோது டவுன் சிண்ட்ரோமோடு 21 என்ற எண் ஒட்டிப்போயிருந்தது. மாற்றினால் குழப்பம் வரும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் இந்த உடலமைப்பை 1866இல் விவரித்து எழுதினார். காரணம் தெரிய இன்னும் 93 ஆண்டுகள் ஆயின. மனிதனுக்கு 46 குரோமோசோம் என்பதே 1956இல்தான் உறுதியானது. அதுவரை பாடப்புத்தகங்களில் 48 என்றுதான் இருந்தது. சரியான எண்ணிக்கை கைக்கு வந்த மூன்றாம் ஆண்டு, 1959இல், பாரிசில் மார்த் கோத்தியே, ஜெரோம் லெஜூன், ரேமோன் டர்ப்பேன் ஆகியோர் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் செல்களில் 47 குரோமோசோம் இருப்பதைக் காட்டினார்கள். செல்களை வளர்க்கும் வேலையைச் செய்தவர் கோத்தியே. பல ஆண்டுகள் பேர் மட்டும் லெஜூனுக்கே போனது என்பது அறிவியல் வரலாற்றில் இன்னும் ஆறாத மனத்தாங்கல்.

கூடுதலாக இருப்பது கெட்டுப்போன குரோமோசோம் அல்ல. நல்ல குரோமோசோம்தான், ஒரு படி அதிகம், அவ்வளவே. 21இல் புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. இரண்டு படி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தால், அந்த மரபணுக்கள் பலவற்றின் உற்பத்தி ஒன்றரை மடங்காகும். இதயத்தின் நடுச்சுவர் உருவாவது, மூளை செல்களின் வளர்ச்சி, தைராய்டு, ரத்த அணுக்கள் என்று பல இடங்களில் அந்த அளவுப் பிசகு தெரிகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நடுவயதிலேயே அல்சைமர் மறதி வருவதற்கும் இதுதான் காரணம்: மூளையில் படியும் அமிலாய்டுக்கு மூலப்பொருளான புரதத்தின் மரபணு 21இல்தான் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது குறை இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை என்பதற்காக எக்கோவைத் தள்ளிப்போடக் கூடாது.

முதல் வழி: பிரிய மறுத்த இணை

நூற்றில் 95 குழந்தைகள் இந்த வகை. ரிப்போர்ட்டில் "47, எக்ஸ்ஒய், +21" என்றோ, பெண் குழந்தையானால் "47, எக்ஸ்எக்ஸ், +21" என்றோ இருக்கும். மொத்தம் 47, கூடுதலாக இருப்பது தனியே நிற்கும் ஒரு 21. இதை டிரைசோமி 21 என்பார்கள்.

இது எப்படி நேர்கிறது என்று பார்க்க முட்டை உருவாகும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 46 உள்ள செல்லிலிருந்து 23 மட்டும் உள்ள முட்டை வர வேண்டும். அதற்கு முதலில் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போல ஒரு படியை எடுத்துக்கொள்கிறது. மூலமும் படியும் கொஹீசின் என்ற புரதத்தால் ஒன்றோடொன்று கட்டப்பட்டு நிற்கும். பிறகு தாய்வழி 21உம் தந்தைவழி 21உம் அருகருகே வந்து தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. மாற்றிக்கொண்ட இடம்தான் இணையைச் சேர்த்துப் பிடித்திருக்கும் முடிச்சு. முதல் பிரிவில் இணைகள் ஆளுக்கொரு பக்கம் போக வேண்டும். இரண்டாம் பிரிவில் மூலமும் படியும் பிரிய வேண்டும். இந்த இரண்டில் எதிலாவது 21 பிரியாமல் ஒரே பக்கம் போய்விட்டால், அந்த முட்டையில் 21 இரண்டாகிவிடும். விந்தணுவிலிருந்து வரும் ஒன்றும் சேர்ந்தால் மூன்று.

இந்தப் பிழைகளில் ஏறக்குறைய 90 சதவீதம் முட்டையில் நடப்பவை, அதிலும் பெரும்பகுதி முதல் பிரிவில். காரணம் கால அளவு. ஆணின் உடலில் ஒரு விந்தணு தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டரை மாதத்துக்குள் தயாராகிவிடும்; நாள்தோறும் புதிது வந்துகொண்டே இருக்கும். பெண்ணின் முட்டைகளோ அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, முதல் பிரிவின் பாதியில் நின்றுவிடுகின்றன. பருவமடைந்த பிறகு மாதம் ஒன்று வெளிவரும்போதுதான் அந்த வேலை தொடர்கிறது. 36 வயதில் கருத்தரிக்கும் தாயின் முட்டை 36 ஆண்டுக்கும் மேலாக அந்தப் பாதி வழியில் காத்திருந்தது. குளச்சல் கடற்கரையில் ஏற்றி வைத்த பழைய கட்டுமரத்தின் கயிறு, மரம் நன்றாக இருக்கும்போதே இற்றுப்போவதைப் பார்த்திருப்பீர்கள். கொஹீசினும் அப்படித்தான், ஒருமுறை கட்டியபின் அதைப் புதுப்பிக்கும் ஏற்பாடு முட்டையில் ஏறக்குறைய இல்லை. பிடி தளர்ந்த குரோமோசோம்கள் இழுபடும் நேரத்தில் தவறான பக்கம் போகின்றன.

21 ஏன் இதில் அடிக்கடி மாட்டுகிறது? அது குட்டையானது என்பதால் இணைக்கு நடுவில் பெரும்பாலும் ஒரே ஒரு முடிச்சுதான் விழும். அந்த ஒன்றும் விழாமல் போனாலோ, நுனியில் விழுந்தாலோ பிடிமானம் இல்லை. இது எந்த வயதுத் தாய்க்கும் நேரலாம். வேறொன்றும் உண்டு: 21 தவிர மற்ற குரோமோசோம்கள் கூடுதலானாலும் இதே பிழைதான். ஆனால் அந்தக் கருக்கள் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கலைந்துவிடுகின்றன. 21இல் மரபணுக்கள் குறைவு. அதனால்தான் கூடுதல் 21ஓடு குழந்தை பிறந்து வளர முடிகிறது.

வயதைப் பற்றிய எண்களைச் சொல்லிவிடுவோம். பிரசவ நேரத்தில் தாயின் வயது 20 என்றால் சுமார் 1,500 பிறப்பில் ஒன்று. 30இல் 900இல் ஒன்று. 35இல் 350இல் ஒன்று. 40இல் 100இல் ஒன்று. 45இல் 30இல் ஒன்று. ஏற்றம் 35க்குப் பிறகு செங்குத்து. இதைப் பார்த்துவிட்டு "எனக்கு 24தானே, ஸ்கேன் எதற்கு" என்று நினைப்பது தவறு. நம் ஊரில் பெரும்பாலான பிரசவங்கள் இருபதுகளில் நடக்கின்றன. ஆளுக்கு ஆபத்து குறைவென்றாலும் ஆட்கள் அதிகம். அதனால் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் தாய்மார்களில் 35க்குக் கீழே உள்ளவர்களே கணிசம்.

90 சதவீதம் முட்டையில் என்ற எண்ணை வீட்டுச் சண்டையில் ஆயுதமாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மாமியார் வீட்டுக்கு இதை விளக்கும் மருத்துவர், அந்த முட்டை உருவான காலத்தையும் சேர்த்துச் சொல்வது நல்லது. அந்தப் பெண் அப்போது பிறக்கவே இல்லை. அவள் சாப்பிட்டதும் சாப்பிடாததும், வேலைக்குப் போனதும் பைக்கில் ஏறியதும் இதில் வராது.

இந்த வகையில் பெற்றோருக்குக் காரியோடைப் தேவையில்லை. அவர்களுடையது சரியாகத்தான் இருக்கும். அடுத்த பிள்ளைக்கு மீண்டும் வரும் வாய்ப்பு சுமார் நூற்றில் ஒன்று. தாயின் வயதுக்கான ஆபத்து அதைவிட அதிகமாக இருந்தால் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் அக்கா, அண்ணன், சித்தி, அத்தை இவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்து இல்லை. தம்பிக்கு இப்படி இருக்கிறது என்று அக்காவின் சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பதற்கு "+21" என்ற ரிப்போர்ட் எந்த ஆதாரமும் தரவில்லை.

இரண்டாம் வழி: ஒட்டிக்கொண்ட 21

நூற்றில் மூன்று நான்கு குழந்தைகள்தான் இந்த வகை. ஆனால் காரியோடைப் எடுப்பதற்கான முழுக் காரணமும் இவர்கள்தான்.

13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து குரோமோசோம்களுக்கும் ஒரு கை நீளம், மறு கை மிகக் குட்டை. அந்தக் குட்டைக் கையில் இருக்கும் பயனுள்ள மரபணுக்கள் மற்ற நான்கு குரோமோசோம்களிலும் பல படிகளாக இருப்பவையே. இரண்டு குட்டைக் கைகள் தொலைந்தாலும் உடலுக்குக் குறை வராது. சில சமயம் இந்த ஐந்தில் இரண்டு, குட்டைக் கைகளை உதிர்த்துவிட்டு, நீளக் கைகளை மட்டும் சேர்த்து ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. இதற்கு ராபர்ட்சோனியன் டிரான்ஸ்லொகேஷன் என்று பெயர். 21ஐப் பொறுத்தவரை அடிக்கடி நடப்பது 14உம் 21உம் ஒட்டுவது.

இப்படி ஒட்டிய குரோமோசோம் உள்ள ஒருவருக்கு எண்ணிக்கை 45. ரிப்போர்ட்டில் "45, எக்ஸ்எக்ஸ், டெர்(14;21)(க்யூ10;க்யூ10)" என்று வரும். "டெர்" என்பது ஒட்டி உருவான குரோமோசோம், "க்யூ" என்பது நீளக் கை. அவர் முழு ஆரோக்கியமாக இருப்பார், படிப்பார், வேலைக்குப் போவார், தனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சரக்கு எல்லாம் சரியான அளவில் இருக்கிறது, அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. சிக்கல் பிள்ளை பெறும்போது. அவருடைய முட்டையிலோ விந்தணுவிலோ ஆறு விதமான பங்கீடு நடக்கலாம். சாதாரண 14உம் சாதாரண 21உம் போனால் முற்றிலும் இயல்பான குழந்தை. ஒட்டியது மட்டும் போனால் பெற்றோரைப் போலவே 45ஓடு ஆரோக்கியமான குழந்தை. ஒட்டியதும் அதோடு ஒரு தனி 21உம் போனால் டவுன் சிண்ட்ரோம். மற்ற மூன்று பங்கீடுகளில் 21 குறையும், அல்லது 14 கூடும், அல்லது 14 குறையும். அவை ஏறக்குறைய எல்லாமே கருச்சிதைவில் முடியும். ஒரு வீட்டில் அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை கரு கலைந்தும், இடையில் ஒரு குழந்தை டவுன் சிண்ட்ரோமோடும் இருந்தால், மருத்துவர் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த வகைக் குழந்தையின் ரிப்போர்ட்டில் எண்ணிக்கை 46 என்றே இருக்கும்: "46, எக்ஸ்ஒய், டெர்(14;21)(க்யூ10;க்யூ10), +21". கூடுதல் 21 தனியாக நிற்காமல் 14இன் முதுகில் ஏறி வந்திருப்பதால் தலைகளை எண்ணினால் 46தான். "46 என்றால் நார்மல்" என்று எங்கோ படித்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடக் கூடாது. எண்ணுக்குப் பின்னால் வருவதை முழுதாகப் படிக்க வேண்டும். "டெர்" என்றோ பழைய ரிப்போர்ட்டில் "ராப்" அல்லது "டி" என்றோ வந்தால் பெற்றோர் இருவருக்கும் காரியோடைப் எடுத்தே ஆக வேண்டும்.

பெற்றோரைப் பரிசோதித்தால் நாலு குடும்பத்தில் மூன்றில் இருவருக்குமே எதுவும் இருக்காது. அந்த ஒட்டுதல் குழந்தையில் புதிதாக நேர்ந்தது. மீதி ஒன்றில் தாயோ தகப்பனோ அந்த ஒட்டிய குரோமோசோமைச் சுமப்பவராக இருப்பார். 14;21 சுமப்பவர் தாயானால் அடுத்த பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் வரும் வாய்ப்பு 10 முதல் 15 சதவீதம். தகப்பனானால் ஒன்றிரண்டு சதவீதம்தான். ஆறு பங்கீட்டில் மூன்று தப்பிப் பிழைக்கும் என்றால் மூன்றில் ஒன்று என்றல்லவா வர வேண்டும் என்று கேட்கலாம். பங்கீடுகள் சம அளவில் நடப்பதில்லை; டிரைசோமி கருக்களில் பல கலைந்தும் விடுகின்றன.

இதில் மோசமான வடிவம் இரண்டு 21களே தங்களுக்குள் ஒட்டிக்கொள்வது. 21;21 சுமக்கும் ஒருவரின் கருவுக்கு இரண்டே வழி: ஒட்டிய இரண்டும் போனால் டவுன் சிண்ட்ரோம், ஒன்றுமே போகாவிட்டால் கலைவு. அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள் எல்லாருக்குமே டவுன் சிண்ட்ரோம் இருக்கும். ஆனால் குழந்தையின் ரிப்போர்ட்டில் 21;21 என்று இருப்பதைப் பார்த்து மனம் உடைந்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் அந்தக் குழந்தையிலேயே புதிதாக உண்டானது, பெற்றோரிடம் இருப்பது அபூர்வம். பெற்றோரின் ரிப்போர்ட் வந்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

பெற்றோரில் ஒருவர் சுமப்பவர் என்று தெரிந்தால் அடுத்து யாரைப் பார்க்க வேண்டும்? சுமப்பவரின் உடன்பிறந்தவர்களை முதலில். தாயிடம் இருந்தால் மாமாவையும் சித்தியையும், தகப்பனிடம் இருந்தால் அத்தையையும் சித்தப்பாவையும். பாட்டா, பாட்டி உயிரோடு இருந்தால் அவர்கள் ரத்தம் எந்தக் கிளையில் வந்தது என்று காட்டிக்கொடுக்கும், மற்ற கிளையைச் சோதிக்கும் செலவு மிச்சம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையின் அண்ணன், அக்கா 45ஓடு இருக்கலாம். அவர்களுக்கு இப்போது எந்தத் தொல்லையும் இல்லாததால் கல்யாண வயதில், அவர்களே விவரம் புரிந்து சம்மதித்து, எடுத்துக்கொண்டால் போதும். எட்டு வயதுப் பிள்ளையின் கையில் இன்றே ஊசி குத்த வேண்டிய அவசரம் இல்லை.

மூன்றாம் வழி: கலந்த செல்கள்

நூற்றில் ஒன்றிரண்டு பேர் மொசைக் வகை. உடலில் சில செல்களில் 47, சில செல்களில் 46. கரு உண்டானபோது சரியாக இருந்து, பிறகு செல் பெருகும்போது ஒரு செல்லில் 21 பிரியாமல் போயிருக்கலாம். அல்லது தொடக்கத்திலேயே மூன்றாக இருந்து, ஒரு செல் கூடுதலானதை உதறிவிட்டு 46ஆகத் திரும்பியிருக்கலாம். ரிப்போர்ட்டில் "மாஸ் 47, எக்ஸ்எக்ஸ், +21[14]/46, எக்ஸ்எக்ஸ்[6]" என்று எழுதுவார்கள். சதுர அடைப்பில் உள்ளது எண்ணிய செல்கள்: 20இல் 14இல் கூடுதல், 6இல் இல்லை.

70 சதவீதம், 30 சதவீதம் என்று இதைக் கணக்குப் போட்டு பிள்ளையின் படிப்பைக் கணிக்க முயலக் கூடாது. எண்ணியது ரத்தச் செல்லை. மூளையிலும் இதயத்திலும் விகிதம் வேறாக இருக்கும்.

ரத்தம் எடுப்பதில் எங்கே பிசகும்

காரியோடைப்புக்கு உயிருள்ள செல் வேண்டும். இதுதான் மற்ற ரத்தப் பரிசோதனைகளிலிருந்து இதை வேறாக்குகிறது. ரத்தத்தை எடுப்பது மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ இருக்கலாம், செல்லை வளர்க்கும் லேப் திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ இருக்கலாம்; வழியில் செல் செத்தால் பரிசோதனையும் போச்சு.

பிறந்த குழந்தைக்கு 1 முதல் 2 மில்லி, பெரியவர்களுக்கு 3 முதல் 5 மில்லி போதும். பச்சை மூடி போட்ட சோடியம் ஹெப்பாரின் குழாயில் எடுக்க வேண்டும். ரத்த அணுக்களை எண்ணும் சிபிசிக்கு எடுக்கும் ஊதா மூடிக் குழாயில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ இருக்கிறது. அது செல் பெருக்கத்தைக் கெடுக்கும். இன்னொரு நுணுக்கம்: லித்தியம் ஹெப்பாரின் குழாய்க்கும் பச்சை மூடிதான், அதுவும் செல் வளர்ப்புக்கு ஆகாது. மூடியின் நிறத்தை நம்பாமல் லேபிளைப் படிக்க வேண்டும். எடுத்ததும் குழாயை ஏழெட்டு முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், இல்லையென்றால் உறைந்துவிடும். உலுக்கினால் அணுக்கள் உடையும். பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைக்கக் கூடாது, மே மாத வெயிலில் வண்டிப் பெட்டிக்குள்ளும் போடக் கூடாது. 24 மணி நேரத்தில் லேபைச் சேர்ந்தால் நல்லது, 48ஐத் தாண்டக் கூடாது. சனிக்கிழமை மாலை எடுத்த ரத்தம் திங்கள் பகலில்தான் வளர்ப்புக்குப் போகும் என்றால் திங்களன்றே எடுக்கலாம். குழந்தைக்குச் சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் படிவத்தில் எழுத வேண்டும், கொடுத்தவரின் வெள்ளணுக்களும் கலந்திருக்கும்.

லேபில் அரை மில்லி ரத்தத்தை வளர்ப்பு ஊடகத்தில் கலந்து, வெள்ளணுக்களைப் பெருகத் தூண்டும் மருந்தைச் சேர்த்து, 37 டிகிரியில் 72 மணி நேரம் வைப்பார்கள். முடிவில் கொல்ச்சிசின் வகை மருந்து விட்டு, குரோமோசோம்கள் தடித்துத் தெளிவாக நிற்கும் நிலையில் செல்லை நிறுத்துவார்கள். பிறகு உப்புக் குறைந்த கரைசலில் செல்லை ஊதவிட்டு, மெத்தனால் மூன்று பங்கு அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு கலவையில் நிலைப்படுத்தி, கண்ணாடியில் சொட்டவிட்டு, டிரிப்சின் தொட்டு, ஜீம்சா சாயம் ஏற்றுவார்கள். கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். அந்தப் பட்டைகளை வைத்துத்தான் 21 எது 22 எது என்று பிரிப்பது. ரிப்போர்ட் வர இரண்டு வாரம்வரை ஆகலாம். வழக்கமாக 20 செல்களை எண்ணுவார்கள். மொசைக் சந்தேகம் இருந்தால் 50 கேட்க வேண்டும். 20இல் ஒன்றும் அகப்படவில்லை என்றால் 14 சதவீதத்துக்கு மேற்பட்ட கலப்பு இல்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம்; 50 எண்ணினால் அந்த எல்லை 6 சதவீதமாகக் குறையும்.

ஃபிஷ், கியூஎஃப்பிசிஆர் என்ற வேகப் பரிசோதனைகள் ஒன்றிரண்டு நாளில் "21 மூன்று இருக்கிறது" என்று சொல்லிவிடும். தனியாக நிற்கிறதா, 14ஓடு ஒட்டியிருக்கிறதா என்பதை அவை சொல்லாது. டிஎன்ஏவின் அளவைப் பார்க்கும் மைக்ரோஅரே பரிசோதனையும் அப்படியே. அவசரத்துக்கு அவற்றைச் செய்தாலும் காரியோடைப் பாக்கிதான்.

காரணம் அல்லாதவை, கடற்கரை மணலும்

"கிரகணத்தன்னைக்கு வெளிய எறங்கினியா மக்களே?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கிரகணம், பப்பாளி, பயந்தது, விழுந்தது எதுவும் இல்லை. கருவின் குரோமோசோம் கணக்கு, தனக்குக் கரு தங்கியிருக்கிறது என்று தாய் அறிவதற்கு முன்பே முடிந்துவிட்டது. மாமன் மகளைக் கட்டியதும் இதற்குக் காரணமல்ல. சொந்தத்தில் கட்டினால் அதிகரிப்பது இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே மரபணுக் குறை பிள்ளையிடம் சேரும் நோய்கள், அது வேறு வகை. ஃபோலிக் அமிலம் தண்டுவடக் குறையைத் தடுக்கும், டிரைசோமியைத் தடுப்பதாக உறுதியாகவில்லை.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுத்த மணலில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அதனால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு சாதாரண இடங்களைவிடக் கூடுதல். அதனால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்றா? இந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1976இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. இதே வகை மணல் உள்ள கேரளக் கடற்கரைப் பகுதியில் டவுன் சிண்ட்ரோம் அதிகம் என்று அது சொன்னது. உடனேயே எதிர்ப்பும் வந்தது: ஒப்பிட எடுத்த ஊர்களில் ஒருவருக்குக்கூட டவுன் சிண்ட்ரோம் இல்லை என்பதே இயல்புக்கு மாறானது, எண்ணிக்கை சிறியது, தாய்மாரின் வயது சரியாகக் கணக்கில் வரவில்லை. பிறகு கொல்லம் பகுதியில் 1995 முதல் பிறந்த குழந்தைகளை மருத்துவமனையிலேயே தொடர்ந்து பரிசோதித்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகளைப் பார்த்தார்கள். கதிர்வீச்சு அதிகமுள்ள ஊர்களுக்கும் குறைவான ஊர்களுக்கும் இடையில் டவுன் சிண்ட்ரோமில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வயது மட்டும் வழக்கம்போல் தெரிந்தது. மணலள்ளுவது பற்றியும் புற்றுநோய் பற்றியும் இங்கே நடக்கும் விவாதங்கள் தனி. அவற்றுக்குச் சாட்சியாக டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளை நிறுத்துவதற்கு ஆதாரம் இல்லை.

அடுத்த கர்ப்பத்தில்

பரிசோதனைகள் இரண்டு ரகம். வாய்ப்பு எவ்வளவு என்று சொல்பவை ஒன்று, இருக்கிறதா இல்லையா என்று சொல்பவை மற்றது. இந்த வித்தியாசம் பிடிபடாமல்தான் பாதிப் பேர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை கருவின் பின்கழுத்தில் தேங்கும் நீரின் தடிமனை அளக்கும் என்டி ஸ்கேனும், டபுள் மார்க்கர் என்ற தாயின் ரத்தப் பரிசோதனையும் சேர்த்துப் பார்த்தால் டவுன் சிண்ட்ரோம் கருக்களில் 85 முதல் 90 சதவீதத்தைச் சந்தேகிக்க முடியும். இயல்பான கர்ப்பங்களில் நூற்றில் ஐந்துக்கு வீணாகவும் சந்தேகம் வரும். 10ஆவது வாரத்துக்குப் பிறகு எடுக்கும் என்ஐபிடி 99 சதவீதம் கண்டுபிடிக்கும். ஆனால் அது பார்ப்பது தாயின் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் டிஎன்ஏ, குழந்தையுடையது அல்ல. இளம் தாய்மார்களில் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் டவுன் சிண்ட்ரோம் கரு இருக்கும், ஆயிரத்தில் இன்னொருவருக்குச் சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டும் என்று வையுங்கள். பாசிட்டிவ் வந்த இருவரில் ஒருவரின் குழந்தை சரியாகவே இருக்கிறது. ஆகவே என்ஐபிடி பாசிட்டிவை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

உறுதி சொல்வது 11ஆவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் துணுக்கு எடுப்பதும், 15ஆவது வாரத்திலிருந்து பனிக்குட நீர் எடுப்பதும். நீர் எடுப்பதை அம்னியோ என்பார்கள். 15, 20 மில்லி நீரை எடுத்து, அதில் உள்ள குழந்தையின் செல்களை வளர்ப்பார்கள். இதனால் கரு கலையும் ஆபத்து, பழகிய கையில், 200இல் ஒன்றுக்கும் குறைவு. பெற்றோரில் ஒருவர் டிரான்ஸ்லொகேஷன் சுமப்பவர் என்றால் மார்க்கர் பரிசோதனைகளில் நாளைக் கடத்தாமல் நேராக இவற்றில் ஒன்றைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். முதல் குழந்தை "+21" வகையானால் என்டி ஸ்கேன், என்ஐபிடி என்று தொடங்கி, தேவைப்பட்டால் அம்னியோவுக்குப் போகலாம். குழந்தை ஆணா பெண்ணா என்று கர்ப்பத்தில் எடுக்கும் எந்த ரிப்போர்ட்டிலும் இருக்காது. சட்டப்படி சொல்லக் கூடாது.

பரிசோதித்த பின் என்ன செய்வது என்பது தம்பதியின் முடிவு. தெரிந்துகொண்டு, இதய மருத்துவ வசதியுள்ள இடத்தில் பிரசவத்தை வைத்துக்கொள்ளத் திட்டமிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த முடிவானாலும் நாள் கணக்கு முக்கியம். 16ஆவது வாரத்தில் அம்னியோ எடுத்தால் வளர்ப்பு முடிந்து ரிப்போர்ட் வர 18 ஆகும். செல் வளராமல் மறுபடி எடுக்க நேர்ந்தால் 20ஐத் தாண்டும். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தத்துக்குப் பிறகு, 24 வாரத்தைத் தாண்டினால் கடுமையான குறைக்கு மருத்துவக் குழுவின் அனுமதி வேண்டும். அதனால் முதல் குழந்தையின் காரியோடைப் நகலையும், எடுத்திருந்தால் பெற்றோருடைய நகலையும், எட்டாவது வாரத்துக்குள் முதல் செக்கப்பிலேயே மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள். 11ஆவது வாரத்துக்கான தேதியை அவர் அன்றே குறித்துத் தருவார்.